புதிதாக சர்வீஸ் தொழில் தொடங்குகிறீர்களா? பெயரில் இருந்து ஆரம்பிப்போம்

என் தங்கை வீட்டுக்காரர் மதுரையில் ஒரு கடையில் 12 வருடம் ஏசி, வாஷிங் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். தனியாகத் தொழில் ஆரம்பித்த இரண்டாவது மாதம் ஒரு நாள் முகம் வாடி வீட்டுக்கு வந்தார். திருநகரில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவும் பெயரைப் போட்டு போனில் தேடியிருக்கிறார். வந்தது வேறு ஒருவருடைய நம்பர். அவரையே கூப்பிட்டு வேலையும் முடிந்துவிட்டது. "சிபாரிசு என்னோடது மச்சான், வேலை அவருக்குப் போயிடுச்சு" என்றார்.

எலக்ட்ரிகல், பிளம்பிங், தண்ணீர்த் தொட்டி சுத்தம், ஆரி வேலை, டியூஷன் என்று எந்த சர்வீஸ் ஆனாலும் முதல் வேலைகள் வாய்ச்சொல்லில்தான் வரும். இன்றைக்கு அந்த வாய்ச்சொல் போனில் ஒரு தேடலைத் தாண்டித்தான் உங்களிடம் வந்து சேர்கிறது. நடுவழியில் அது தொலைந்து போகாமல் இருக்க என்ன செய்வது என்று நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

முதலில் பெயர்

நம் ஊரில் தொழில் என்றாலே குலசாமி பெயர், இல்லாவிட்டால் பிள்ளைகள் பெயர். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மதுரையில் இருந்துகொண்டு மீனாட்சி என்று மட்டும் வைத்தால், தேடுகிறவருக்குக் கோயில் வரும், லாட்ஜ் வரும், ஜவுளிக்கடை வரும். உங்களைக் கண்டுபிடிக்க அவர் பத்து தடவை விரலால் தள்ள வேண்டும். யாரும் தள்ள மாட்டார்கள். மாப்பிள்ளைக்கு நேர்ந்தது இதுதான். சாமி பெயரை விட மனம் வரவில்லை என்றால் அதோடு இன்னொரு தனி வார்த்தையைச் சேருங்கள். அல்லது பில் புத்தகத்தின் தலைப்பில் சாமி துணை என்று போட்டுவிட்டு, தொழிலுக்கு வேறு பெயர் வையுங்கள். மாப்பிள்ளை இரண்டாவது வழியை எடுத்தார். தங்கைக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான், அப்புறம் பில்லின் தலைப்பைப் பார்த்ததும் சரி என்றாள்.

அடுத்தது எழுத்து. தமிழில் அழகாக இருக்கும் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி வரும் என்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் தமிழ்ச் சொல்லையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். நாங்கள் ஆசைப்பட்டது 'எழில்' என்று தொடங்கும் ஒரு பெயர். சோதித்துப் பார்க்க, பெரியார் பேருந்து நிலைய இரைச்சலில் நின்றுகொண்டு ஐந்து பேருக்கு மாப்பிள்ளை போன் போட்டார். பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, "காதில் விழுந்ததை இங்கிலீஷில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்றார். ஒருவர் இசட் எச் போட்டார், ஒருவர் வெறும் எல் போட்டார், ஒருவர் எல்லுக்குப் பின்னால் எச் போட்டார். மற்ற இருவர் 'எளில்' என்பதுபோல ஏதோ அனுப்பினார்கள். ழகரம் வரும் பெயரை அன்றைக்கே கைவிட்டோம். த, ட குழப்பம் வரும் பெயர்களுக்கும் இதே கதிதான். ஐந்தில் நான்கு பேராவது ஒரே மாதிரி அனுப்பும் பெயர் கிடைக்கும் வரை இந்தச் சோதனையைச் செய்யுங்கள். காசு செலவில்லாத வேலை, இதைவிட உருப்படியான வேலை தொடக்கத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து.

நியூமராலஜி பார்த்து நடுவில் ஓர் ஏ, கடைசியில் ஓர் எச் சேர்க்கிறவர்கள் உண்டு. நம்பிக்கை உள்ளவர்கள் அந்த எழுத்துகளோடு சேர்த்தே போன் சோதனையைச் செய்து பாருங்கள். கேட்பவர் தட்டுகிற எழுத்தும் போர்டில் இருக்கிற எழுத்தும் வேறாக இருந்தால், சிபாரிசு மறுபடியும் வழியிலேயே நின்றுவிடும்.

ஏரியா பெயரைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கே.கே.நகர் மதுரையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. அண்ணாநகரும் அப்படித்தான். நாளை நீங்களே வேறு ஏரியாவுக்குக் குடிபோகலாம். ஊர் பெயரைச் சேர்ப்பது பரவாயில்லை. வேலையின் பெயரைச் சேர்க்கும்போதும் கொஞ்சம் தள்ளி யோசியுங்கள். 'ஏசி' என்று வைத்தவர் வாஷிங் மெஷின் வேலைக்கும் போகிறார் என்பது யாருக்கும் தெரியாது.

கம்பெனிகளின் பிராண்டு பெயரை மட்டும் உங்கள் பெயரில் சேர்க்கவே வேண்டாம். 'சாம்சங் சர்வீஸ் சென்டர்', 'எல்ஜி கேர்' என்றெல்லாம் வைத்தால் நாலு போன் கூடுதலாக வரும்தான். ஆனால் கம்பெனி ஆள் என்று நம்பித்தான் அந்த வீட்டில் கதவைத் திறக்கிறார்கள். அது தெரிய வரும் நாளில் உங்கள் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எடுபடாது. டிரேட்மார்க் வழக்கு வேறு வரலாம். "எல்லா பிராண்டும் பார்க்கிறோம், நாங்கள் தனி மெக்கானிக், கம்பெனி சர்வீஸ் சென்டர் இல்லை" என்று விவரத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். மாப்பிள்ளை அப்படி எழுதிய பிறகு, வாரண்டி முடிந்த மெஷின் வைத்திருப்பவர்கள் தேடி வந்து கூப்பிட்டார்கள்.

பெயர் காலியாக இருக்கிறதா?

இரண்டு மூன்று பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு கூகுளிலும் மேப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் தேடுங்கள். உங்கள் ஊரில் அதே தொழிலில் அதே பெயர் இருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வகுப்பு எண் உண்டு. பழுது பார்ப்பதும் பொருத்துவதும் 37, டியூஷன் 41, தையல் 40, அழகு நிலையம் 44. பதிவு செய்ய நினைத்தால், தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். முதல் வருடமே செய்தாக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தேடிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதிவாகாமல் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போடுவது சட்டப்படி குற்றம், அதையும் நினைவில் வையுங்கள்.

'டாட் இன்' என்று முடியும் வெப்சைட் முகவரி காலியாக இருந்தால் வாங்கிப் போடுங்கள். வெப்சைட் இப்போதைக்குத் தேவையில்லை. வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். ஒன்று கண்டிப்பு: உங்கள் இமெயிலில், உங்கள் பெயரில் வாங்குங்கள். எனக்கு முன்பு வெப்சைட் செய்துகொடுத்த ஒருவர் முகவரியைத் தன் கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் ஊரை விட்டுப் போனதும் அந்த முகவரி எனக்கு இல்லாமலே போய்விட்டது. விசிட்டிங் கார்டு 500 அடித்து வைத்திருந்தேன், அத்தனையும் வீண்.

பெயர் முடிவானதும் ஒரு தாளில் நான்கு வரி எழுதி, போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்: தமிழில் பெயர், ஆங்கில எழுத்தில் பெயர், போன் நம்பர், ஊர். போர்டு, பில், வாட்ஸ்அப், கூகுள், யுபிஐ கியூஆர் எல்லாவற்றிலும் அதே நான்கு வரிதான் போக வேண்டும், ஒரு புள்ளிகூட மாறாமல். பணம் அனுப்பும்போது திரையில் வேறு யாருடைய பெயராவது வந்தால் வீட்டில் இருப்பவர்கள் தயங்குவார்கள், நாமும் அப்படித்தானே. கடை வைக்கிறவர்களுக்கு இன்னொன்று: தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி.

தொழிலுக்குத் தனி நம்பர்

வீட்டு நம்பரில் தொழில் செய்யாதீர்கள். தனி சிம் வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். 2018-ல் வந்த ஆப், இலவசம். அதில் கேட்டலாக் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜெனரல் சர்வீஸ், ஜெட் வாஷ் (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவது), கேஸ் சார்ஜ், விசிட்டிங் சார்ஜ் என்று ஒவ்வொன்றாக விலையோடு போட்டு வையுங்கள். விலை போட்டால் போட்டிக்காரன் பார்ப்பானே என்று மாப்பிள்ளை பயந்தார். பார்க்கட்டும். விசிட்டிங் சார்ஜ் இவ்வளவு, வேலை செய்தால் அது கழிந்துவிடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்ததில், வாசலில் நின்று நடக்கும் பேரம் பாதியாகக் குறைந்தது.

ஏணி மேல் நிற்கும்போது போன் எடுக்க முடியாது. அதற்குத்தான் அவே மெசேஜ், வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்புகிறவருக்குத் தானாகப் போகும் பதில். "வேலையில் இருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் கூப்பிடுகிறேன். ஏரியா, மெஷின் மாடல், என்ன பிரச்சினை என்று அனுப்பி வையுங்கள்" என்று போட்டு வைத்தோம். திரும்பக் கூப்பிடும்போது பாதி விவரம் கையில் இருக்கும். சொன்னபடி ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டுவிட வேண்டும், அதில் மட்டும் தவறக் கூடாது.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்து வைத்திருப்பவருக்குத்தான் அந்த மெசேஜ் போகும். அதனால் வேலை முடித்துக் கிளம்பும்போது, "இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் சேவ் செய்யும் வரை நில்லுங்கள்.

கூடவே மெஷினின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர். பெயர், நம்பர், இன்று செய்த தேதி, அடுத்த சர்வீஸ் மாதம். இது ஆன்லைன் விஷயம் இல்லைதான், ஆனால் ஆன்லைனில் நம்மைத் தேடப் போகிற ஆள் முதலில் பார்க்கும் எழுத்து அதுதான். பேனாவில் தேதி எழுதினால் சோப்புத் தண்ணீர் பட்டு அழிந்துவிடும். மார்க்கரில் எழுதுங்கள்.

கூகுள் பிசினஸ் புரொஃபைல்

நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது, 2021-ல் பெயர் மாறியது. தேடும்போது மேப்போடு வரும் அந்த மூன்று நான்கு பெயர்கள் இதில் இருந்துதான் வருகின்றன. இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. "கூகுள்ல இருந்து பேசுறோம், பணம் கட்டாட்டி உங்க கடையை எடுத்துடுவோம்" என்று யாராவது கூப்பிட்டால் கட் செய்துவிடுங்கள். புதிதாகப் பதிந்த வாரத்திலேயே இப்படிப் போன் வரும்.

பெயர் கேட்கும் இடத்தில், தாளில் எழுதிய பெயரை அப்படியே போடுங்கள். 'மதுரை நம்பர் 1 பெஸ்ட் ஏசி சர்வீஸ் 24 மணி நேரம்' என்று கூடவே ஒட்டினால் சில நாள் மேலே வரலாம். ஆனால் அது கூகுளின் விதிக்கு எதிரானது, புகார் போனால் புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள். அதோடு சேர்ந்து வாங்கிய ரிவியூ எல்லாம் கண்ணில் படாமல் போகும். வகை என்ற இடத்தில் முக்கிய வகை ஒன்றும் கூடுதலாக ஒன்பதும் கொடுக்கலாம். செய்யும் வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

வீட்டில் இருந்து தொழில் செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்த ஏரியாக்களுக்குப் போவீர்கள் என்று மட்டும் காட்டலாம். 20 இடம் வரை சேர்க்கலாம். ஆசைக்கு விருதுநகர், திண்டுக்கல் எல்லாம் சேர்க்காதீர்கள். மாப்பிள்ளை வில்லாபுரத்தில் இருக்கிறார். அனுப்பானடி, ஜெய்ஹிந்த்புரம், பழங்காநத்தம், திருப்பரங்குன்றம், திருநகர் என்று வண்டியில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடங்களை மட்டும் போட்டார்.

அடுத்து சரிபார்ப்பு. இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். நடுவில் நிறுத்தாமல், வெட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். எங்கள் முதல் வீடியோ ஏற்கப்படவில்லை. வீட்டு வாசலை மட்டும் காட்டியிருந்தோம், அது யார் வீட்டு வாசலாகவும் இருக்கலாம். இரண்டாவது தடவை மாப்பிள்ளை தெரு முனையில் பெயர்ப்பலகையைக் காட்டித் தொடங்கினார். அங்கிருந்து நடந்து வந்து, சாவி போட்டுப் பின்கட்டு அறையைத் திறந்தார். வேக்கம் பம்ப், மேனிஃபோல்டு கேஜ், ஆர்32 கேஸ் சிலிண்டர், ஜெட் வாஷ் பம்ப் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்டினார். கடைசியில் பெயர் அடித்த பில் புத்தகம். சில நாளில் ஒப்புதல் வந்துவிட்டது. இடம், தொழில், அதை நடத்துவது நீங்கள்தான் என்பது, இந்த மூன்றும் வீடியோவில் தெரிந்தால் போதும்.

விவரம் எழுத 750 எழுத்து வரை இடம் உண்டு. வாடிக்கையாளர் போனில் சொல்லும் வார்த்தைகளிலேயே எழுதுங்கள்: கூலிங் வரவில்லை, தண்ணீர் ஒழுகுது, டிரம் சுத்தவில்லை. தமிழிலும் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

போட்டோ விஷயத்தில் இணையத்தில் இருந்து எடுத்த சிரிக்கும் வெள்ளைக்காரர் படம் வேண்டவே வேண்டாம். மாப்பிள்ளை போட்டதில் அதிகம் பேர் பார்த்த படம், பஞ்சு மெத்தை மாதிரி தூசி அடைத்திருந்த ஓர் ஏசி வெளிப்பெட்டியின் காயிலும் (coil) ஜெட் வாஷுக்குப் பிறகு தகடு தகடாக மின்னிய அதே காயிலும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். படத்தில் மெஷின் மட்டும் இருக்கட்டும். பீரோ, பிள்ளைகள், கதவு எண் எதுவும் விழக் கூடாது.

ரிவியூ கேட்பது

கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஏசியைப் போட்டு, காற்றில் கை வைத்துப் பார்த்து "நல்லா வருது தம்பி" என்று அவர் சொல்லும் நேரம்தான் சரியான நேரம். "இதையே கூகுள்ல ரெண்டு வரி எழுதிடுங்கம்மா, லிங்க் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே அனுப்புங்கள். புரொஃபைலிலேயே ரிவியூ லிங்க் கிடைக்கும். நாள் தள்ளினால் மறந்துவிடுவார்கள்.

ரிவியூவுக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லக் கூடாது, கூகுள் அதைத் தடை செய்திருக்கிறது. சொந்தக்காரர்களை விட்டு எழுத வைப்பதும் வேண்டாம். ஒரே நாளில் பத்து பேரிடம் இருந்து ஐந்து நட்சத்திரம் விழுந்தால் படிப்பவருக்கே தெரியும். போலி ரிவியூக்களைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்திருக்கிறது.

மோசமான ரிவியூ வந்தே தீரும். ஒருவர், கேஸ் போட்டு பத்தே நாளில் கூலிங் போய்விட்டது, காசு தண்டம் என்று எழுதிவிட்டார். மாப்பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாக அங்கே போனார். கேஸ் குழாயை இணைக்கும் பிளேர் நட்டில் கசிவு இருந்தது, முதல் தடவை அதைக் கவனிக்காமல் விட்டது இவர் தப்புதான். சரிசெய்து, காசு வாங்காமல் கேஸ் நிரப்பிக் கொடுத்துவிட்டு, பதிலில் இப்படி எழுதினார்: "ஐயா, பிளேர் நட்டில் கசிவு இருந்ததை முதல் முறை கவனிக்கத் தவறிவிட்டேன். இன்று சரிசெய்துவிட்டேன், கட்டணம் இல்லை. மறுபடி குறைந்தால் கூப்பிடுங்கள்." அவர் ரிவியூவை எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன் என்று அடுத்த மாதமே ஒருவர் சொன்னார்.

விளம்பரமும் சீசனும்

ஏசிக்காரர்கள் கத்திரி வெயில் வரும் வரை காத்திருந்தால் லேட். மே மாதம் எல்லோரும் பிஸி, உங்களுக்கு விளம்பரமே தேவைப்படாது. பிப்ரவரியிலேயே பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ், ஸ்டேட்டஸில் ஒரு படம். மழைக்காலத்தில் வாஷிங் மெஷின் பக்கம் திரும்புங்கள். இன்ஸ்டாகிராமில் போட ஏதாவது வேண்டுமென்றால், பில்டரை வீட்டிலேயே எப்படிக் கழுவுவது என்று ஒரு நிமிட வீடியோ போடுங்கள். சொல்லிக்கொடுத்தால் வேலை போய்விடாது. பில்டர் கழுவத் தெரிந்தவர், காயில் அடைத்துக்கொண்டால் சொல்லிக்கொடுத்தவரைத்தான் கூப்பிடுவார்.

லீடு (வேலை தேவைப்படும் வாடிக்கையாளரின் நம்பர்) விற்கும் இணையதளங்கள், ஆப்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே வாடிக்கையாளர் நம்பர் நாலைந்து மெக்கானிக்குக்குப் போகும், அங்கே விலை குறைக்கும் போட்டிதான் நடக்கும். வருடக் கட்டணம் மொத்தமாகக் கட்டாமல் ஒரு மாதம் சிறிய தொகையில் பாருங்கள். கூகுள், ஃபேஸ்புக் விளம்பரம் எல்லாம் புரொஃபைலில் 20, 30 ரிவியூ சேர்ந்த பிறகு போதும். வெறும் புரொஃபைலுக்கு ஆள் அனுப்பினால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பதிவுகளைப் பற்றிச் சுருக்கமாக: சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலையில் இருந்து ஆன்லைனில் நடக்கிறது, ஆதாரும் பான் கார்டும் வேண்டும், இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. சர்வீஸ் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி எடுக்க வேண்டும்.

நம்பர் ஆன்லைனில் ஏறியதும் மோசடிக்காரர்களும் கூப்பிடுவார்கள். ராணுவ முகாமில் இருந்து பேசுகிறேன், எட்டு ஏசி சர்வீஸ் செய்ய வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. பின் கேட்டால் அது உங்கள் பணம் வெளியே போகும் வழி. புதிதாகத் தொழில் தொடங்கியவர், பெரிய ஆர்டர் என்ற சந்தோஷத்தில் ஏமாந்துவிடுகிறார்.

கடைசியாக ஒரு சின்ன நோட்டு. கூப்பிடும் ஒவ்வொருவரிடமும், "எங்க நம்பர் எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்து வீடு, கூகுள், ஸ்டிக்கர், இன்ஸ்டா என்று நாலு கட்டம் போட்டு கோடு கிழித்தால் போதும். மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளையின் நோட்டைப் பார்த்தோம். இன்ஸ்டா கட்டத்தில் இரண்டே கோடு. பக்கத்து வீட்டுக் கட்டத்திலும் ஸ்டிக்கர் கட்டத்திலும் கோடு போட இடமே இல்லை. கூகுள் கட்டத்தில் இருந்தவர்களில் பலர், யாரோ பெயர் சொல்லித் தேடியவர்கள். லீடு தளத்துக்குக் கட்டி வந்த காசை அந்த மாதமே நிறுத்திவிட்டு, தெற்குவாசலில் தண்ணீர் பட்டாலும் உரியாத ஸ்டிக்கர் ஆயிரம் அடித்து வாங்கி வந்தார்.